மலையகத்தில் இணையத்தள முகவரியை உடையில் அச்சிட்டு அணிவது எப்படி

ஓர் இணையத்தளத்தை மக்களிடம் கொண்டுசேர்க்க நினைப்பவர், அதன் முகவரியை டீ-சேர்ட்டில் அச்சிட்டு அணிந்துகொண்டு கடைத்தெருவுக்குப் போனால் போதும் என்று எண்ணுவது இயல்பு. கொழும்பிலோ மட்டக்களப்பிலோ அது பலிக்கலாம். இலங்கையின் மலையகத்தில், குளிர்ந்த நுவரெலியாவிலோ அந்த டீ-சேர்ட்டுக்கு மேல் ஒரு சுவெட்டர், அதற்கு மேல் ஒரு ஜெக்கெட், மழை பிடித்துவிட்டால் அதற்கும் மேல் ஒரு மழைக்கோட்டு என்று மூடிக்கொண்டு நடப்பதால், காசு கொடுத்து அச்சிட்ட எழுத்தை அணிந்தவரைத் தவிர வேறு எவரும் காண்பதில்லை. ஆகவே அச்சகத்துக்குப் போகுமுன் தீர்மானிக்க வேண்டியது, உங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் மேலாக அணியப்படுவது எது என்பதைத்தான்.

தேயிலைத் தோட்டப்புற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு, தொழிற்பயிற்சி அறிவித்தல்களைத் தமிழில் திரட்டித் தரும் ஒரு சிறு தளத்தை நானும் என் நண்பர்கள் மூவரும் நடத்தி வருகிறோம். விளம்பரத்துக்கென்று ஒதுக்கப் பணம் இல்லாததால் எங்கள் முதுகுகளையே பயன்படுத்தினோம். நாங்கள் செய்து பார்த்ததில் பயன் தந்தவற்றையும், கைவிட வேண்டியிருந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். தங்குமிடம், வீட்டுத்தோட்டக் காய்கறி, பிரத்தியேக வகுப்பு, கைவினைப் பொருள் என்று எதற்காகத் தளம் வைத்திருப்பவருக்கும் இவை பொருந்தும்.

எந்த உடையில் அச்சிடுவது

மலையகம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் குளிர் ஒரே அளவாக இல்லை. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், கண்டி அதைவிடச் சற்றுத் தாழ்வாகவும் இருப்பதால், அங்கெல்லாம் பகலில் டீ-சேர்ட் மட்டும் அணிந்து நடக்கலாம். நுவரெலியா 1,868 மீற்றரிலும், இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையமாகிய பட்டிப்பொல 1,891 மீற்றரிலும் இருக்கின்றன. அங்கே ஜெக்கெட்டே உங்கள் விளம்பரப் பலகை. அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பகுதிகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்யும் காலத்தில் மழைக்கோட்டையும் குடையையும் விட்டால் வேறெதுவும் கண்ணில் படாது. பதுளை, பசறை, வெலிமடைப் பக்கத்தில் ஆண்டின் கடைசி மாதங்களிலும் தை மாதத்திலும் அதே நிலை வரும்.

இதனால் ஒருவருக்கு ஒரே உடை என்று கணக்கிடாமல், ஒரு டீ-சேர்ட்டும் வெளியே அணியும் ஒரு மேலாடையும் ஆக இரண்டையும் சேர்த்துத் திட்டமிடுவது நல்லது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், உயர்ந்த பகுதியில் வாழ்பவர் தயங்காமல் மேலாடையைத் தெரிவு செய்யலாம்.

முதுகைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அச்சிடுவதற்கு முதுகே சிறந்த இடம், ஏனெனில் பின்னால் நிற்பவர் கூச்சமில்லாமல் நீண்ட நேரம் பார்க்கக்கூடிய பகுதி அதுதான். ஆனால் பாடசாலை மாணவர், பல்கலைக்கழக மாணவர், பயணிகள் ஆகியோர் முதுகில் பை தொங்கவிட்டிருப்பார்கள். தேயிலைக் கொழுந்து பறிப்பவரின் முதுகில் கூடையோ சாக்கோ இருக்கும். பை சுமப்பவருக்கு முதுகில் அச்சிட்ட ஜெக்கெட்டைக் கொடுப்பதில் பயனில்லை. அவருக்கு, பையின் மேல் மாட்டும் மழை உறையில் முகவரியை அச்சிட்டுக் கொடுங்கள். எங்கள் கணக்கில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகமாகப் பார்க்கப்பட்டது அந்த உறைதான்.

முகவரியைச் சுருக்குதல்

ஏ3 தாளின் அகலம் 29.7 சென்ரிமீற்றர், முதுகில் அச்சிடக்கூடிய அகலமும் ஏறத்தாழ அவ்வளவுதான். உங்கள் முகவரியில் 12 எழுத்துகள் இருந்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டரை சென்ரிமீற்றர் கிடைக்கும். 20 எழுத்துகள் இருந்தால் ஒன்றரை சென்ரிமீற்றர்தான். மூன்று மீற்றர் தொலைவிலிருந்து ஒருவர் சிரமமின்றி வாசிக்க, எழுத்தின் உயரம் இரண்டரை சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும் என்பது பலகை எழுதுபவர்களின் பொதுவான கணக்கு. பஸ் தரிப்பிடத்தில் ஒருவருக்கொருவர் நிற்கும் தொலைவும் அதுவே. முகவரியின் முன்னால் வரும் மூன்று டபிள்யூக்களையும், அதற்கும் முன்னால் வரும் குறிகளையும் விட்டுவிடுங்கள். அவை இல்லாமலே தளம் திறக்கும்படி முதலிலேயே அமைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிப் பெயர் வைத்திருப்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. உடையில் பார்த்த பெயரை மக்கள் எழுத்து எழுத்தாக நினைவில் வைப்பதில்லை, ஓசையாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் போய்த் தட்டச்சு செய்யும்போது ழகரத்துக்கு ஒருவர் இசட்டும் எச்சும் போடுவார், இன்னொருவர் எல் மட்டும் போடுவார். நெடிலுக்கு ஒருவர் இரண்டு ஏ போடுவார், இன்னொருவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார். புதிதாகப் பெயர் வைப்பவர் ழகரமும் நெடிலும் இல்லாத சொல்லைத் தேடுவது நன்று. ஏற்கெனவே வைத்துவிட்டவர், மக்கள் தவறாக எழுதக்கூடிய ஓரிரு வடிவங்களையும் பதிவு செய்து, அவை சரியான தளத்துக்கே போகும்படி அமைக்கலாம்.

2010 முதல் முகவரியின் இறுதியில் ‘.இலங்கை’ என்று தமிழிலேயே பதிவு செய்யும் வசதியும் நமக்கு இருக்கிறது. முழு முகவரியையும் தமிழில் உடையில் பார்ப்பது மனத்துக்கு நிறைவானது. தமிழ் தெரிந்த எவரும் அதைப் பிழையில்லாமல் வாசிப்பார். ஆனால் நம்மவர்களில் பலர் கைபேசியில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள் என்பதால், தமிழ் முகவரியைப் பெரிதாகவும் ஆங்கில எழுத்து முகவரியைக் கீழே சிறிதாகவும் வைப்பதோ, அல்லது அதை மாற்றி வைப்பதோ, உங்கள் தளத்துக்கு வருபவர் யார் என்பதைப் பொறுத்தது.

முகவரிக்கு மேல் ஒரே ஒரு வரி இருக்கட்டும். அது தளம் எதற்கானது என்பதை நாலைந்து சொற்களில் சொல்லட்டும். முகவரி மட்டும் இருந்தால் மக்கள் அதை உடுப்புக் கம்பெனியின் பெயர் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அந்த வரியைச் சிங்களத்திலும் அச்சிடுவதா என்ற கேள்வி எங்களுக்குள் எழுந்தது. எங்கள் தளத்தின் உள்ளடக்கம் தமிழில் மட்டுமே இருப்பதால் சிங்கள வரி பொய்யான அழைப்பாகிவிடும் என்று விட்டுவிட்டோம். தங்குமிடம் நடத்துபவரும் பொருள் விற்பவரும், தளம் மூன்று மொழியிலும் இருந்தால், மூன்று மொழியிலும் அச்சிட வேண்டும். ஒரே பஸ்ஸில் மூன்று மொழிக்காரரும் இருக்கும் நாடு இது.

நிறம்

தேயிலைப் பச்சையின் நடுவே பச்சை உடை அடங்கிப் போகும். மூடுபனியில் வெள்ளையும் சாம்பலும் கரைந்துவிடும். இரண்டுக்கும் தப்புவது கருநீலம், அரக்கு போன்ற அடர்ந்த நிறத் துணியும், அதன் மேல் வெள்ளையோ வெளிர் மஞ்சளோ ஆன எழுத்தும். செம்மஞ்சள் துணியில் கறுப்பு எழுத்தும் நன்றாகத் தெரிகிறது. இரு நிறங்களுக்கு மேல் தேவையில்லை.

நிறத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்த நாட்டில் தனிப் பச்சையும் தனி நீலமும் தனிச் சிவப்பும் கட்சிகளை நினைவூட்டும். தேர்தல் காலத்தில் ஒரே நிறத்தில் நாலு பேர் சேர்ந்து நடந்தால், தளத்தின் பெயரை வாசிப்பதற்கு முன்பே எந்தக் கட்சி என்று கேட்டுவிடுவார்கள். அதுபோல, இராணுவ உடையை ஒத்த உருமறைப்புத் துணியைத் தொடவே வேண்டாம். அது சட்டச் சிக்கலைக் கொண்டுவரும். புத்தரின் உருவத்தையோ வேறெந்தத் தெய்வ உருவத்தையோ அலங்காரமாகச் சேர்ப்பதும் கூடாது.

அச்சகத்தில் கவனிக்க வேண்டியவை

கண்டியிலும் மலையகத்தின் பிற நகரங்களிலும் துணியில் அச்சிடுபவர்கள் இருக்கிறார்கள். வெறும் டீ-சேர்ட்டை மொத்தமாகக் கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கிவந்து அவர்களிடம் கொடுக்கலாம். சதுர மீற்றருக்கு 180 கிராம் அளவிலான பருத்தித் துணி பல முறை துவைத்தாலும் உருக்குலையாது.

ஒரே வடிவத்தில் நிறைய உடைகள் வேண்டுமானால் ஸ்கிரீன் பிரிண்ட் சிக்கனமானது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம் தயாரிக்க வேண்டியிருப்பதால் நாலைந்து உடைக்கு அது கட்டுப்படியாகாது. எண்ணிக்கை கூடக்கூட ஓர் உடைக்கான செலவு இறங்கும். நாலைந்து உடைகளே போதும் என்பவருக்கு, படத்தைப் படலத்தில் அச்சிட்டு வெப்ப அழுத்தியால் துணியில் ஒட்டும் டிடிஎஃப் முறை பொருந்தும். சாயத்தை வெப்பத்தால் இழைக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் முறை பொலியெஸ்டர் துணியில் மட்டுமே பிடிக்கும். அதுவும் வெளிர்நிறத் துணி வேண்டும் என்பதால், மேலே சொன்ன அடர்நிறத் திட்டத்துக்கு உதவாது.

மேலாடைகளில்தான் சிக்கல் கூடுகிறது. நைலோன் ஜெக்கெட்டை, பருத்திக்கு வைக்கும் 150, 160 பாகை வெப்பத்தில் அழுத்தினால் துணி சுருங்கிப் பளபளத்துவிடும். நீர் ஒட்டாமல் பூச்சிடப்பட்ட துணியில் சாதாரண மை பிடிக்காமல் உரிந்துவரும். நைலோனுக்கான மையோ, குறைந்த வெப்பத்தில் ஒட்டும் படலமோ இருக்கிறதா என்று கேட்டு, ஓர் ஓரத்தில் சிறு துண்டை ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சுவெட்டரில் அச்சிட வேண்டாம். பின்னல் இழுபடும்போது அச்சு வெடிக்கும். அதற்குப் பதிலாக, பருத்தித் துணித் துண்டில் அச்சிட்டு, அதைத் தையற்காரரிடம் கொடுத்து முதுகில் தைத்துக்கொள்ளலாம். சுவெட்டர் கிழிந்தாலும் துண்டைப் பிரித்து இன்னொன்றில் தைக்கலாம். மழைக்கோட்டில் மட்டும் ஊசி படக்கூடாது, தையல் துளை வழியே நீர் இறங்கும்.

இனித் தமிழ் எழுத்துக்கு வருகிறேன். இதில் நாங்கள் பட்ட நட்டம் மற்றவருக்கு வரக்கூடாது. எங்கள் முதல் தொகுதி உடைகளில் ‘வேலை’ என்ற சொல்லில் வகரத்துக்கு முன்னால் இருக்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய்விட்டது. லகரத்தின் சங்கிலிக் கொம்பும் அப்படியே இடம் மாறியிருந்தது. நாங்கள் யுனிகோட் எழுத்தில் அனுப்பிய வரியை, தமிழ் எழுத்துகளை முறையாகச் சேர்த்துக் காட்டத் தெரியாத பழைய வரைகலை மென்பொருளில் ஒட்டியதால் வந்த வினை அது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சகம் வேலை செய்தால் வேறு விதமாகக் கெடும். ஆகவே தமிழ் வரியை ஒருபோதும் தட்டச்சு எழுத்தாக அனுப்பாதீர்கள். எழுத்துகளைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றி, பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். அப்போது எந்தக் கணினியில் திறந்தாலும் வடிவம் மாறாது. அது தெரியாவிட்டால், கைபேசியில் சரியாகத் தெரியும் வரியை நிழற்படமாக எடுத்துக் கூடவே அனுப்பி, அச்சிடுமுன் இரண்டையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அச்சகத்தில் இருப்பவர் சிங்களம் மட்டும் தெரிந்தவராக இருந்தால் கொம்பு இடம் மாறியது அவருக்குத் தெரியாது, அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. முதல் உடையை மட்டும் அச்சிட்டுக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே மீதிக்குச் சம்மதம் சொல்லுங்கள்.

கியூஆர் குறியீடு வேண்டுமா

நடந்து போகிறவரின் முதுகைத் துரத்திக்கொண்டு எவரும் கைபேசியை நீட்டமாட்டார். குறியீடு பயன்படுவது வரிசையில் நிற்கும்போதும், ரயிலில் அமர்ந்திருக்கும்போதும், சந்தையில் கடை போட்டிருக்கும்போதும்தான். ஒரு மீற்றர் தொலைவிலிருந்து எடுக்கப் பத்து சென்ரிமீற்றர் சதுரம் தேவை. அதைவிடச் சிறிதானால் கிட்ட வரவேண்டியிருக்கும். துணி மடியும் என்பதால், 30 வீதம் வரை சேதமானாலும் வாசிக்கக்கூடிய உயர்ந்த பிழை திருத்த நிலையில் குறியீட்டை உருவாக்குங்கள். வெளிர்நிறக் கட்டத்துக்குள் கரும்புள்ளிகளாக அச்சிட்டு, சுற்றிலும் நான்கு புள்ளி அகலத்துக்கு வெறுமையாக விடுங்கள். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உள்ள பகுதி மடிப்பு குறைந்தது, அங்கே வையுங்கள்.

பெண்களின் உடையில் நெஞ்சுப் பக்கத்தில் குறியீட்டை வைக்கவே கூடாது. அறிமுகமில்லாதவர் கைபேசியை அங்கே நீட்டுவதற்கு நாமே காரணமாகிவிடுவோம். எங்கள் குழுவில் உள்ள தங்கை ஒருவர் சொல்லித்தான் இது எங்களுக்குப் புரிந்தது. அதன்பின் பையிலும் குடையிலும் மட்டும் வைத்தோம்.

இலவசமாகக் குறியீடு செய்து தரும் சில சேவைகள் இடையில் தங்கள் முகவரியை நுழைத்து, சில நாட்களில் பணம் கேட்கும். கட்டாவிட்டால் குறியீடு செத்துவிடும், உடையில் உள்ளதை மாற்றவும் முடியாது. குறியீடு நேராக உங்கள் தளத்துக்கே போகும்படி செய்யுங்கள்.

எங்கே, எப்போது அணிவது

தோட்டங்களில் சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை நகரம் நிரம்பி வழியும். அட்டன், பண்டாரவளை, பதுளை எதுவானாலும் அன்று காலை பஸ் நிலையத்திலும் சந்தையிலும் இரண்டு மணி நேரம் சாதாரணமாக நடந்து உங்கள் வேலையைப் பார்த்தால், வாரநாட்கள் முழுவதும் அணிந்ததைவிடக் கூடுதலானவர் பார்ப்பார்கள். ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவுக்கு நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வருவதால், தங்குமிடமோ விற்பனையோ நடத்துபவருக்கு அது பொற்காலம். கிரகரி ஏரிப் பக்கமும் விக்டோரியா பூங்காப் பக்கமும் நடப்பதே போதும். எல்லவில் 1921இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வெளிநாட்டவர் திரள்வதால், அங்கே ஆங்கில வரி உள்ள உடையே பொருந்தும். எங்களுடையதுபோல் உள்ளூர் இளைஞருக்கான தளத்துக்கு இந்த இரண்டு இடத்தாலும் பயனில்லை. எங்களுக்குப் பயன் தந்தவை சாதாரணதரப் பரீட்சை முடிந்த நாட்களின் பஸ்களும், கொழும்பிலிருந்து பண்டிகைக்கு ஊர் திரும்பும் இளைஞர்கள் நெருக்கியடித்து ஏறும் தீபாவளிக் கால ரயிலும்.

டிசெம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைக்கு ஏறும் காலம். நல்லதண்ணியிலிருந்து ஏறுபவர் மணிக்கணக்கில் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தே படியேறுகிறார் என்பதால் இங்கே அச்சிட்ட ஜெக்கெட் நன்றாக வேலை செய்யும் என்பது உண்மை. நான் அதைச் செய்வதில்லை. நாலு மதத்தவரும் கும்பிடப் போகும் மலை அது. அட்டன் ரயில் நிலையத்திலும் பஸ்ஸிலும் அணிந்துவிட்டு, ஏறும்போது உள்ளே மடித்து வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. கோயில் திருவிழாவிலும் தேர் இழுக்கும் இடத்திலும் அப்படித்தான். மரண வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

தோட்டத்துக்குள் அணிந்து சுற்றுவதானால், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் வேலை நடக்கும் நேரத்தைத் தவிர்த்து, நிர்வாகத்திடமும் தலைவர்மாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. கொழுந்து பறிக்கும் அக்காமாருக்கு இலவசமாக மழைக்கோட்டு கொடுத்து, அதில் உங்கள் முகவரியை அச்சிட்டுவிடலாம் என்ற யோசனை சிலருக்கு வரும். கொடுப்பதானால் விளம்பரமில்லாமல் கொடுங்கள். தளம் எதைப் பற்றியது என்று தெரிந்து, அதை விரும்பி அணிபவருடைய உடையில்தான் முகவரி இருக்க வேண்டும். சிறுவர்களுக்கும் அப்படி உடை கொடுப்பதை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

அணிபவர் எவராயினும், “இது என்ன தம்பி?” என்று ஒரு பெரியவர் கேட்டால் நின்று பதில் சொல்ல அவரால் முடிய வேண்டும். எங்கள் பக்கத்தில் வாசிப்பவரைவிடக் கேட்பவரே அதிகம். “வேலை, படிப்பு பத்தின தகவல் எல்லாம் தமிழ்ல போடுறோம் ஐயா, வீட்டுல பிள்ளைங்க இருந்தா பார்க்கச் சொல்லுங்க” என்ற ஒரு வாக்கியமும், சட்டைப்பையில் முகவரி எழுதிய சில சிறு துண்டுகளும் இருந்தால் போதும். அந்தத் துண்டு வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையின் கையில் சேரும். சொந்தத் தொலைபேசி எண்ணை மட்டும் உடையில் அச்சிட வேண்டாம். குறிப்பாகப் பெண்களுக்கு அது ஓயாத தொல்லையாகும்.

பார்த்தவர் வந்தாரா என்று அறிவது

டீ-சேர்ட், ஜெக்கெட், பை உறை ஒவ்வொன்றுக்கும் முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடும் ஓர் எழுத்தும் சேர்த்துத் தனிப் பக்கம் வையுங்கள். குறியீட்டுக்கும் அவ்வாறே தனிப் பக்கம். எந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத் தளத்தின் கணக்குக் காட்டும். எழுத்தைச் சேர்க்காமல் நேரே முகப்புக்கு வருபவரும் இருப்பதால், அணிந்து வெளியே போன நாளையும் இடத்தையும் ஒரு கொப்பியில் எழுதி, அன்றும் மறுநாளும் வந்த எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். மூன்று மாதக் கணக்கைப் பார்த்த பிறகே இரண்டாவது தொகுதிக்குப் பணம் செலவிடுங்கள். மலைச் சரிவுகளில் பல இடங்களில் சிக்னல் மெலிந்திருக்கும் என்பதால், முகப்புப் பக்கத்தில் பெரிய படங்களை அடுக்காமல் எழுத்தாக வைத்தால்தான், பஸ்ஸிலேயே தட்டிப் பார்ப்பவருக்குத் திறக்கும்.

துவைத்தலும் உலர்த்தலும்

உள்பக்கத்தை வெளியே புரட்டி, குளிர்ந்த நீரில் துவைத்து, அச்சின் மேல் இஸ்திரிப்பெட்டி நேரே படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லில் அடித்துத் துவைத்தால் டிடிஎஃப் அச்சு ஓரத்திலிருந்து கிளம்பும். மழைக்காலத்தில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வீடுகளில் ஈரத்துணியை அடுப்புக்கு மேல் கொடியில் போடுவது வழக்கம். அந்தச் சூட்டில் அச்சு இளகி மடிப்போடு ஒட்டிக்கொள்ளும், வெள்ளை எழுத்தில் புகை ஏறிப் பழுப்பாகும். அச்சிட்ட உடையைக் காற்றோட்டமுள்ள திண்ணையில், எழுத்துப் பக்கம் ஒன்றோடொன்று படாமல், இரண்டு நாள் ஆனாலும் அங்கேயே காயவிடுங்கள். காயாத உடையை மடித்துப் பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், அந்தக் கறை போகாது.